வால்பாறை மழைக்காட்டுத் துண்டுகளில் பறவைக் கணக்கெடுப்பு: முழுமையான வழிகாட்டி

ஆனைமலைப் புலிகள் காப்பகம் சூழ்ந்திருக்க, தேயிலையும் காப்பியும் ஏலமும் நிறைந்தது வால்பாறைப் பீடபூமி. அவற்றுக்கு நடுவே தீவுகள்போல மழைக்காட்டுத் துண்டுகள் கிடக்கின்றன. சில ஓரிரு ஹெக்டேர்தான் இருக்கும். புதுத்தோட்டம் போன்றவை 90 ஹெக்டேரை ஒட்டியவை. இவற்றில் பறவைகளைக் கணக்கெடுக்க வரும் புதியவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் தவறுகிறார்கள். மொத்தம் எத்தனை வகை என்று எண்ணி, அதையே காட்டின் நலமாக எடுத்துக்கொள்கிறார்கள்.

சிறு துண்டிலும் பெருங்காட்டிலும் 45 வகை கிடைக்கலாம். ஆனால் சிறு துண்டில் மழைக்காட்டுப் பறவைகளான தீக்காக்கையும் பழுப்புக்கன்னச் சிலம்பனும் போய், திறந்தவெளிப் பறவைகளான செம்மீசைச் சின்னானும் தையல்சிட்டும் குண்டுகரிச்சானும் வந்திருக்கும். எண் மாறவில்லை, காடு மாறிவிட்டது. இந்த மாற்றத்தைப் பிடிக்கும் வகையில் தொடக்கத்திலிருந்தே வேலையை அமைப்பது எப்படி என்பதே இந்த வழிகாட்டி. இதில் வரும் முறை புள்ளிக் கணக்கெடுப்பு: குறித்துவைத்த ஒரு புள்ளியில் நின்று, சுற்றிலும் 50 மீட்டர் ஆரமுள்ள வட்டத்துக்குள் இருக்கும் பறவைகளை 10 நிமிடம் எண்ணுவது.

1. கேள்வியையும் பறவைக் குழுக்களையும் முதலில் எழுதி வையுங்கள்

"இங்கே என்னென்ன பறவைகள் உள்ளன" என்பது பட்டியலுக்கான கேள்வி. "காப்பித் தோட்டத்தின் நிழல்மரங்கள் நாட்டு மரங்களாக இருந்தால் மழைக்காட்டுப் பறவைகள் கூடுதலாக இருக்கின்றனவா" என்பது கணக்கெடுப்புக்கான கேள்வி. எத்தனை இடம், எந்தெந்த வகை இடம், எத்தனை முறை என்பதையெல்லாம் இரண்டாவது கேள்விதான் முடிவு செய்கிறது.

அடுத்து, அங்கே எதிர்பார்க்கும் பறவைகளை மூன்றாகப் பிரியுங்கள்: மழைக்காட்டை விட்டு அதிகம் வெளியே வராதவை, காடு தோட்டம் இரண்டிலும் வாழ்பவை, திறந்தவெளிப் பறவைகள். களப்பணி தொடங்கும் முன்பே, வெளியான நூல்களின் அடிப்படையில் இந்தப் பிரிவினையை முடித்துத் தேதி போட்டு வையுங்கள். தரவு கைக்கு வந்தபின் பிரித்தால், உங்கள் முடிவுக்கு ஏற்ற குழுவில் பறவையைப் போடும் ஆசை வரும். அதை நீங்களே கவனிக்க மாட்டீர்கள்.

2. அனுமதியும் ஆட்களும்

காப்பகத்துக்குள் ஆய்வு செய்ய 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். சில மாதங்கள் ஆகலாம் என்று கணக்கிட்டு விண்ணப்பியுங்கள். தனியார் தோட்டத்துக்குள் இருக்கும் துண்டுகளுக்குத் தோட்ட நிர்வாகத்தின் எழுத்துபூர்வ அனுமதி தேவை. அதோடு நிறுத்தாமல், அந்தப் பகுதியின் மேற்பார்வையாளருக்கும் காவலருக்கும் தேதிகளைச் சொல்லிவிடுங்கள். விடியுமுன் காட்டோரத்தில் டார்ச்சோடு நிற்பவரை யாரும் சந்தேகப்படத்தான் செய்வார்கள்.

தனியாகப் போகக் கூடாது. யானை, காட்டுமாடு, கரடி மூன்றும் நடமாடும் இடம் இது. நீங்கள் போகும் நேரமும் அவை நடமாடும் நேரமே. முந்தின மாலையே யானைகள் எங்கே நிற்கின்றன என்று கேட்டு, பக்கத்தில் இருந்தால் அந்தப் பாதையை மறுநாளுக்குத் தள்ளுங்கள். காட்டை அறிந்த ஒருவர் கூட வர வேண்டும். ஆனைமலையின் காடர் மக்களுக்கு இருவாச்சிகளின் கூட்டுமரங்களும் பழமரங்களும் அத்துப்படி. அவர்களை அழைத்தால் முறையான கூலி கொடுங்கள், அறிக்கையில் பங்களிப்பைக் குறிப்பிடுங்கள்.

3. கையில் இருக்க வேண்டியவை

8×42 இருகண் நோக்கி. 10 மடங்கு பெரிதாக்குவது நல்லது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அடர்நிழலில் அதன் காட்சி மங்கலாக இருக்கும், கைநடுக்கம் கூடும், தழைகளுக்குள் பறவையைத் தேடுவதும் தாமதமாகும்.

லேசர் தூரமானி, திசைகாட்டி, இணையம் இல்லாமல் இயங்கும் வரைபடத்தோடு கூடிய ஜிபிஎஸ் அல்லது கைபேசி, கைக்கடிகாரம், ஒலிப்பதிவுக் கருவி, நனையாத தாள், பென்சில். பேனா வேண்டாம், மூடுபனியிலேயே மை கரையும். 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸில் ஒற்றை ஒலித்தடமாகப் பதிந்தால் 10 நிமிடத்துக்கு ஏறக்குறைய 53 மெகாபைட் ஆகும். நினைவக அட்டையை அதற்கேற்ப வாங்குங்கள். ஒலியைச் சுருக்கிச் சேமிக்கும் வடிவங்களைத் தவிர்த்துவிடுங்கள், மெல்லிய உச்சக்குரல்கள் அவற்றில் கெட்டுப்போகலாம்.

அட்டைக் காலுறை கட்டாயம். பத்து நிமிடம் அசையாமல் நிற்கும் வேலை இது. அட்டை கடிக்கிறதே என்று குனிந்து குனிந்து பார்ப்பவர் பறவைகளைத் தவறவிடுவார்.

4. காதைப் பழக்குங்கள்: குறைந்தது இரண்டு வாரம்

மழைக்காட்டில் பதிவாகும் பறவைகளில் பெரும்பாலானவை கேட்கப்படுபவைதாம், காணப்படுபவை அல்ல. இந்தப் படியைச் சுருக்கினால் பின்னால் எதைச் செய்தும் ஈடுகட்ட முடியாது.

முதலில் எங்கும் ஒலிக்கும் பத்துக் குரல்களைப் பிடியுங்கள்: வெண்கன்னக் குக்குறுவான், மஞ்சட்புருவச் சின்னான், செம்மீசைச் சின்னான், சீகாரப் பூங்குருவி, புள்ளிச் சிலம்பன், அரிவாள் அலகுச் சிலம்பன், மலபார் சாம்பல் இருவாச்சி, துடுப்புவால் கரிச்சான், சாம்பல் காட்டுக்கோழி, தீக்காக்கை. இவை தானாகவே அடையாளம் தெரியும் அளவுக்குப் பழகிவிட்டால், அவற்றுக்கு இடையே வரும் அந்நியக் குரல் தனித்துக் கேட்கும். ஒரேயடியாக 80 குரல்களை மனப்பாடம் செய்பவர்களுக்கு இது வாய்க்காது.

மூன்று பொறிகள் இருக்கின்றன. துடுப்புவால் கரிச்சான் பிற பறவைகளின் குரலை அப்படியே எடுத்துப் பேசும். ஒரே கிளையிலிருந்து அடுத்தடுத்து மூன்று பறவைகளின் குரல் வந்தால் கரிச்சானைத் தேடுங்கள். பச்சைச்சிட்டு வகைகளும் குரல் போலி செய்பவை. மலை அணிலின் கடகடவென்ற கத்தலைப் பெரிய பறவையின் எச்சரிக்கைக் குரலாக எழுதிவைப்பது இன்னொரு வழக்கமான பிழை.

குரலைக் கேட்டுப் பறவையின் பெயர் சொல்லும் மெர்லின் போன்ற செயலிகள் பழகும் காலத்தில் உதவும். ஆனால் செயலி காட்டிய பெயரைப் பதிவுத்தாளில் ஏற்றாதீர்கள். அது போலிக்குரலுக்கு ஏமாறும், தூரமும் சொல்லாது. உங்கள் காதால் உறுதியானதை மட்டும் எழுதி, மற்றதை "அறியாதது" என்று குறித்து ஒலிப்பதிவின் நேரத்தைப் பக்கத்தில் போடுங்கள். "அறியாதது" என்ற வரிகள் இருப்பது நேர்மையான தாளுக்கு அடையாளம்.

பயிற்சி முடிந்ததா என்று பார்க்க, இருவர் ஒரே புள்ளியில் முதுகுக்கு முதுகு நின்று பேசாமல் தனித்தனியே பதியுங்கள். இப்படிப் பத்து முறை. ஒருவர் தொடர்ந்து தவறவிடும் பறவை எது என்பது இதில் வெளிப்பட்டுவிடும்.

5. புள்ளிகளைக் குறித்தல்

50 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் பரப்பு 0.785 ஹெக்டேர். எனவே ஒரு ஹெக்டேர் துண்டில் ஒரு வட்டமே சிரமப்பட்டுத்தான் அடங்கும். பறவைகளின் அடர்த்தியை ஒப்பிட விரும்பினால் 2 ஹெக்டேருக்குக் குறைவான துண்டுகளை விட்டுவிடலாம்.

புள்ளிகளுக்கு இடையே நேர்கோட்டில் 200 மீட்டர் இடைவெளி வேண்டும். குக்குறுவானின் குரல் இதைவிடத் தொலைவு கேட்கும் என்பது உண்மைதான். 50 மீட்டருக்குள் இருப்பவற்றை மட்டும் கணக்கில் எடுப்பதால் ஒரே பறவை இரு வட்டங்களில் எண்ணப்படும் வாய்ப்பு குறைகிறது. நடந்த தூரத்தை அளவாக எடுக்காதீர்கள். வளைந்த பாதையில் 300 மீட்டர் நடந்தும் முந்தின புள்ளிக்கு 120 மீட்டரிலேயே நிற்கலாம். அடர்ந்த மரக்கூரையின் கீழ் ஜிபிஎஸ் 10 மீட்டருக்கு மேலும் பிசகும். எனவே இரண்டு மூன்று நிமிடம் நின்று சராசரி எடுத்து, மரத்தில் நாடா கட்டி, ஒரு படமும் எடுத்து வையுங்கள்.

வட்டம் முழுவதும் ஒரே வகை நிலத்துக்குள் அடங்க வேண்டும். பாதி காடும் பாதி தேயிலையுமாக இருக்கும் வட்டத்தில் வரும் திறந்தவெளிப் பறவை காட்டின் கணக்கில் ஏறிவிடும். விளிம்பிலிருந்து எவ்வளவு தூரம் என்பதை ஒவ்வொரு புள்ளிக்கும் எழுதிவையுங்கள். நடக்க வசதி என்று ஜீப் சாலையோரத்திலேயே எல்லாப் புள்ளிகளையும் வைத்தால், நீங்கள் அளப்பது சாலையோரத்துப் பறவைகளை மட்டுமே.

6. மாதமும் நாளும் வரிசையும்

பிப்ரவரி தொடங்கி ஏப்ரல் நடுவரை ஏற்ற காலம். மழை குறைவு, உள்ளூர்ப் பறவைகள் பாடுகின்றன. இலைக்கதிர்க்குருவிகள் போன்ற வலசைப் பறவைகளும் இன்னும் இருக்கும். அவை ஏப்ரலில் கிளம்பத் தொடங்குவதால், வலசைப் பறவைகளைத் தனியாகக் கணக்கிட வேண்டும்.

சூரிய உதயம் பிப்ரவரித் தொடக்கத்தில் 6.45 மணியை ஒட்டியும், ஏப்ரல் நடுவில் 6.10 மணியை ஒட்டியும் இருக்கும். உதயத்திலிருந்து 3 மணி நேரத்துக்குள் முடியுங்கள். அதற்குப்பின் குரல்கள் விரைவாகக் குறையும். தூறல், இலைகள் சலசலக்கும் காற்று, 50 மீட்டர் தெரியாத மூடுபனி ஏதேனும் இருந்தால் அன்று எண்ணக் கூடாது. மழை நின்றபின்னும் இலைகளிலிருந்து சொட்டும் நீரின் ஓசை மெல்லிய குரல்களை மறைக்கும்.

ஒரு புள்ளிக்கு 2 நிமிடக் காத்திருப்பு, 10 நிமிட எண்ணிக்கை, அடுத்த புள்ளிக்கு 12 முதல் 15 நிமிட நடை. ஆக ஒரு காலையில் 6 அல்லது 7 புள்ளி. 20 புள்ளிகளை 4 முறை பார்க்க 80 எண்ணிக்கைகள் வேண்டும், அதாவது 12 முதல் 14 காலைகள். மழை, யானை இரண்டையும் சேர்த்து 18 நாள் ஒதுக்குங்கள்.

எல்லாவற்றையும்விட வரிசை முக்கியம். பெரிய துண்டுகளைப் பிப்ரவரியிலும் சிறியவற்றை ஏப்ரலிலும் முடித்தால், பிறகு தெரியும் வேறுபாடு பரப்பால் வந்ததா மாதத்தால் வந்ததா என்று யாராலும் பிரிக்க முடியாது. எல்லா இடங்களையும் ஒரு சுற்று முடித்த பின்பே இரண்டாம் சுற்றைத் தொடங்குங்கள். ஒவ்வொரு சுற்றிலும் தொடங்கும் புள்ளியை மாற்றுங்கள். இல்லையென்றால் கடைசிப் புள்ளி எப்போதும் 9 மணிக்கே வரும். எண்ணுபவர் இருவர் என்றால் அவர்களும் இடம் மாற வேண்டும்.

7. புள்ளியில் நிற்கும் 12 நிமிடங்கள்

நெருங்கும்போதே பேச்சை நிறுத்துங்கள். நீங்கள் வருவதால் பறந்துபோகும் பறவை முதலில் இருந்த இடத்தின் தூரத்தைப் பதியுங்கள். தரையில் மேயும் புள்ளிப்புறாவும் காட்டுக்கோழியும் இப்படித்தான் கணக்கில் விட்டுப்போகின்றன.

2 நிமிடம் அசையாமல் நிற்கவும். அந்த நேரத்தில் தேதி, நேரம், மேகமூட்டம், காற்று ஆகியவற்றை நிரப்புங்கள். ஒலிப்பதிவைத் தொடங்கிப் புள்ளியின் எண்ணை வாயால் சொல்லிவிடுங்கள். பல கோப்புகள் சேர்ந்தபின் எது எந்தப் புள்ளி என்று காப்பாற்றுவது அந்த ஒரு வரிதான்.

10 நிமிடத்தை முதல் 5, அடுத்த 5 என்று இரண்டு கட்டங்களாகத் தாளிலேயே பிரியுங்கள். நேரம் நீளநீள வெளியிலிருந்து பறவைகள் வட்டத்துக்குள் வந்துகொண்டே இருக்கும். அவற்றையும் சேர்த்தால் அடர்த்தி பொய்யாக உயரும். அடர்த்திக்கு முதல் கட்டம், எந்தெந்த வகைகள் உள்ளன என்பதற்கு இரண்டும்.

ஒவ்வொரு பறவைக்கும் எழுத வேண்டியது: பெயர், எண்ணிக்கை, முதலில் கண்ட அல்லது கேட்ட கிடைமட்டத் தூரம், திசை, பார்த்ததா கேட்டதா, உயர அடுக்கு. வட்டத்தின் வரைபடம் ஒன்றைத் தாளில் அச்சிட்டு, ஒவ்வொரு பறவையையும் அதன் திசையில் புள்ளியாக வைத்தால் ஒன்றையே இருமுறை எழுதுவது பெருமளவு குறையும். தமிழ்ப் பெயர்கள் நூலுக்கு நூல் மாறுவதால் அறிவியல் பெயரிலிருந்து ஆறெழுத்துக் குறியீடு அமைத்துக்கொள்ளுங்கள்.

மேலே கடந்து செல்லும் இருவாச்சியைத் தனிக் கட்டத்தில் பதியுங்கள். அது அந்த வட்டத்தைப் பயன்படுத்தவில்லை, தாண்டிப் போகிறது. சிறகோசை கிலோமீட்டர் அளவில் கேட்கக்கூடிய பெரிய இருவாச்சியை ஒவ்வொரு புள்ளியிலும் எழுதினால், ஒரே இணை பத்து இணையாகிவிடும்.

பறவையை வரவழைக்கக் குரலை ஒலிக்கவிடுவது இந்த வேலையில் கூடாது. தூரம் பொய்யாகும் என்பது ஒரு காரணம். அடைகாக்கும் பருவத்தில் பறவை கூட்டை விட்டு எழுந்து வரும் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

8. தூரம்: பெரும்பிழை பிறக்கும் இடம்

60 மீட்டரில் இருப்பதை 50 என்று எழுதினால் பிழை 10 மீட்டர்தானே என்று தோன்றும். பரப்பு தூரத்தின் வர்க்கமாக வளர்வதால், உங்கள் வட்டம் சத்தமில்லாமல் 44 சதவீதம் பெரிதாகிவிட்டது.

தூரமானி சாய்வுத் தூரத்தைக் காட்டும். உங்களுக்குத் தேவை தரைத் தூரம். 30 மீட்டர் உயரக் கிளையில் உள்ள பறவைக்குக் கருவி 50 காட்டினால் தரைத் தூரம் 40 தான். பறவை தழைக்குள் மறைந்திருந்தால், அது உட்கார்ந்திருப்பதாகத் தோன்றும் மரத்தின் அடிப்பகுதியை அளவெடுங்கள்.

குரலை மட்டும் கேட்டால் மீட்டரில் சொல்லப் பார்க்காமல் 0–10, 10–20, 20–30, 30–50, 50க்கு மேல் என்று வளையங்களாகப் பதியுங்கள். முதுகைக் காட்டிப் பாடும் பறவை தொலைவில் இருப்பதாகக் கேட்கும். சரிவுக்கு அப்பாலிருந்து வரும் குரலும் அப்படியே. கண்டறியும் தூரத்தைக் கொண்டு அடர்த்தி கணக்கிட ஒரு வகைக்கு 75 முதல் 100 பதிவுகள் வேண்டும். அரிய பறவைகளுக்கு அது கிடைக்காது.

9. கலப்பு வேட்டைக் கூட்டம் வந்தால்

சில நிமிட அமைதிக்குப்பின் திடீரென்று மின்சிட்டு, பசையெடுப்பான், சிலம்பன், கரிச்சான் எல்லாம் ஒரே அலையாக வரும். புதியவர்கள் இங்கே பதறி, பாதியை விட்டுவிடுகிறார்கள். முதலில் வகைகளின் பெயர்களை மட்டும் எழுதுங்கள், பிறகு எண்ணிக்கை. தூரத்தைக் கூட்டத்தின் நடுவுக்கு எடுத்து, கூட்ட எண் ஒன்றைப் போடுங்கள். 10 நிமிடம் முடிந்தபின் கூட்டத்தைத் தொடர்ந்து பார்த்துச் சேர்த்தவற்றைத் தனியாகக் குறிக்கவும், எண்ணிக்கையோடு கலக்க வேண்டாம். சிறு துண்டுகளில் கூட்டத்தில் யார் யார் இல்லை என்பதே பல நேரம் சொல்லத்தக்க செய்தியாக அமையும்.

10. காட்டின் அமைப்பை அளத்தல்

பறவை ஏன் இல்லை என்று சொல்ல மரங்களின் கணக்கு வேண்டும். அதே புள்ளியை நடுவாக வைத்து 10 மீட்டர் ஆரத்துக்குள், 1.3 மீட்டர் உயரத்தில் 30 சென்டிமீட்டருக்கு மேல் சுற்றளவுள்ள எல்லா மரங்களையும் அளந்து பெயர் எழுதுங்கள். பலகைவேர் உள்ள மரத்தில் வேருக்கு மேலே அளக்கவும்.

நடுவிலும் நான்கு திசைகளிலும் கூரை மூட்டத்தைப் பதியுங்கள். 0–1, 1–2, 2–4, 4–8, 8–16, 16 மீட்டருக்கு மேல் என்ற உயர அடுக்குகளில் தழை உள்ளதா இல்லையா என்று குறியுங்கள். கீழடுக்கில் உண்ணிச்செடியும் ரொபஸ்டா காப்பியும் எவ்வளவு, பட்டமரங்கள், பொந்துகள், அத்தி வகைகள் எத்தனை என்பதையும் சேருங்கள். நிழல்மரக் கவாத்து நடந்த தேதியைத் தோட்டத்தில் கேட்டு எழுதுங்கள். கவாத்துக்கு முன்னும் பின்னும் ஒரே காப்பித் தோட்டம் பறவைகளுக்கு இரு வேறு இடங்கள்.

11. அன்றைக்கே தாளைச் சரிபார்த்தல்

மாலைக்குள் கணினியில் ஏற்றி, "அறியாதவை" அனைத்தையும் ஒலிப்பதிவோடு ஒப்பிடுங்கள். மறுநாள் இன்னும் 70 பறவைகளின் குரல் காதில் ஏறியிருக்கும், நேற்றையது கலைந்துவிடும். பறவை இல்லாத எண்ணிக்கைக்கும் சுழி போட்டு ஒரு வரி இருக்க வேண்டும். விட்டுவிட்டால் போகாத புள்ளியும் போயும் கிடைக்காத புள்ளியும் ஒன்றாகிவிடும்.

பட்டியல்களைப் பறவைப் பதிவுகளுக்கான இணையதளமான ஈபேர்டில் பதிவிடலாம். ஆனால் இருவாச்சிக் கூட்டுமரத்தின் இடத்தையோ படத்தையோ எங்கும் போடாதீர்கள். பொந்துக்குள் அடைபட்டிருக்கும் பெண் பறவையும் குஞ்சும் ஆண் கொண்டுவரும் இரையையே நம்பி இருக்கின்றன. படம் எடுப்பவர்கள் மரத்தடியில் கூடினால் ஆண் நெருங்காது.

12. எண்களை வாசித்தல்

முதலில் மொத்த வகை எண்ணிக்கையை ஒதுக்கிவையுங்கள். முதல் படியில் எழுதிய மூன்று குழுக்களுக்கும் தனித்தனியே வகை எண்ணிக்கையும் பறவைகளின் அளவும் எடுங்கள்.

புள்ளிகள் அதிகமுள்ள இடத்தில் வகைகளும் அதிகம் கிடைக்கும். எனவே ஒரே அளவு முயற்சிக்குச் சமப்படுத்தியே ஒப்பிட வேண்டும். புள்ளியியலுக்கான ஆர் கணினி மொழியில் இதற்கும், இடங்களின் பறவைச் சமூகங்கள் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்பதற்கும் வேகன் தொகுப்பு, அடர்த்திக்கு டிஸ்டன்ஸ் தொகுப்பு, இருப்பின் வாய்ப்புக்கு அன்மார்க்டு தொகுப்பு.

"கிடைக்கவில்லை" என்பதை "இல்லை" என்று எழுதாதீர்கள். ஒரு பறவை இருந்தும் ஒரு முறையில் கண்ணிலோ காதிலோ படும் வாய்ப்பு 0.3 என்றால், ஒரே முறை போனவர் அதைத் தவறவிடும் வாய்ப்பு 70 சதவீதம். நான்கு முறை போனவருக்கு 24 சதவீதம். நான்கு சுற்றுகள் வேண்டும் என்று 6ஆம் படியில் வற்புறுத்தியது இதற்காகத்தான். தேயிலைக்கு நடுவே பறவை எளிதில் தெரியும், காட்டில் தெரியாது. கண்டறியும் வாய்ப்பைத் திருத்தாமல் இரண்டையும் ஒப்பிட்டால் தேயிலைத் தோட்டம் செழிப்பாகத் தோன்றும்.

13. தோட்டத்துக்குக் கொடுக்கும் பரிந்துரை

அறிக்கை நிர்வாகிக்குப் பயன்பட வேண்டும் என்றால் புள்ளி எண்ணோடும் மரப் பெயரோடும் எழுதுங்கள். "பல்லுயிரைக் காக்கவும்" என்று எழுதினால் அவர் என்ன செய்வார்? கீழ்க்காண்பவை செய்யக்கூடியவை, உங்கள் தரவு ஆதரிப்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

விழும் நாட்டு நிழல்மரத்துக்குப் பதில் சில்வர் ஓக் மட்டும் நடாமல் வெடிப்பலா, கருங்குங்கிலியம், அத்தி வகைகளின் கன்றுகளைக் கலந்து, தென்மேற்குப் பருவமழை பிடித்ததும் நடலாம். பொந்துள்ள பழைய மரங்களுக்கு எண் பலகை அடித்து, வெட்டும் பட்டியலிலிருந்து நீக்கலாம்.

உண்ணிச்செடியை ஒரே மூச்சில் சுத்தமாக்கக் கூடாது. தாழ்வடுக்கு வேறில்லாத இடத்தில் கருந்தலைச் சிலம்பன் போன்றவை அதற்குள்தான் ஒதுங்கியிருக்கும். இனப்பெருக்க மாதங்களைத் தவிர்த்து, பகுதி பகுதியாக அகற்றி, அகற்றிய இடத்தில் நாட்டுக் கன்றுகள் தலையெடுத்தபின் அடுத்த பகுதிக்குப் போகச் சொல்லுங்கள். ஓடைக்கரைகளில் இருபுறமும் மரங்களை விட்டுவைத்தால் இரண்டு துண்டுகளுக்கு இடையே கீழடுக்குப் பறவைகளுக்கு வழி கிடைக்கும். திறந்த தேயிலையைக் கடக்கத் தயங்குபவை அவையே.

மீட்டெடுத்த இடத்தை மதிப்பிட இரண்டு ஒப்பீட்டு இடங்கள் தேவை: மீட்டெடுக்காமல் விட்ட சிதைந்த துண்டு ஒன்று, நல்ல காடு ஒன்று. ஒன்று மட்டும் இருந்தால் நட்ட கன்றுகளால் பறவை வந்ததா, அந்த ஆண்டு எங்குமே பறவை கூடியதா என்று தெரியாது. 3 அல்லது 5 ஆண்டுக்குப்பின் அதே புள்ளிகளில், அதே மாதங்களில், அதே தாளில் திரும்ப எண்ணுங்கள். நாடா மரத்தோடு விழுந்திருக்கும். 5ஆம் படியில் எடுத்த ஆயத்தொலைவும் படமும்தான் அப்போது உங்களைப் பழைய இடத்தில் கொண்டு நிறுத்தும்.